மலைநாட்டு மொழிகளுக்கு எழுத்துத் தந்த துறவி
புனித மெஸ்ரோப் மாஷ்தொட்ஸ் வாழ்க்கை

உலகப் படம் ஒன்றை எடுத்து விரித்துப் பாருங்கள். மேற்கே கருங்கடல், கிழக்கே கஸ்பியன் கடல். இவ்விரண்டுக்கும் இடையில், மதில் எழுப்பியது போல ஒரு மலைத்தொடர் குறுக்கே கிடப்பதைக் காண்பீர்கள். அதுவே கோக்கேசஸ். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய எல்புருஸ் 5,642 மீற்றர் உயரமானது. அதன் தெற்கே ஆர்மீனிய மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது.

இந்த மலைகளின் பெருமை உயரத்தில் மட்டும் இல்லை. இத்துணைச் சிறிய நிலப்பரப்பில் இத்தனை மொழிகள் வழங்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. அராபியர் இதற்கு மொழிகளின் மலை என்றே பெயரிட்டனர். கருங்கடல் ஓரத்தில் தியோஸ்கூரியஸ் என்றொரு பழைய துறைமுகச் சந்தை இருந்தது. அங்கே எழுபது இனத்தவர் கூடுவர் என்றும், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது என்றும் ஸ்ராபோ என்ற கிரேக்க அறிஞர் குறித்து வைத்தார். உரோமர் அங்கு வாணிபம் செய்வதற்கு 130 மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்தனர் என்று பிளினி எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் செய்தி மெய்யானது. இன்றும் அங்கே நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. தாகெஸ்தான் மலையில் ஆர்ச்சி என்றொரு மொழி உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே அதைப் பேசுகின்றனர். அவர்களுடைய ஊரைத் தாண்டினால் அந்த மொழி இல்லை.

ஏன் இப்படி? மலையே காரணம். ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்த பள்ளத்தாக்குக்கும் இடையில் பனி மூடிய கணவாய் நிற்கிறது. ஆண்டில் பல மாதங்கள் போக்குவரத்து இல்லை. ஒவ்வொரு கிராமமும் தன் பேச்சைத் தானே காத்துக்கொள்கிறது. உயரத்தில் வாழ்பவன் உப்புக்கும் தானியத்துக்கும் கீழே இறங்கி வரவேண்டும். ஆகையால் அவன் கீழ்நாட்டார் மொழியையும் கற்றுக்கொள்கிறான். கீழே வாழ்பவனுக்கோ மேலே ஏறும் தேவை குறைவு. மேல்நாட்டு மொழியை அவன் கற்பதில்லை. சிறிய மொழியின் பாரத்தைச் சிறியவர்களே சுமக்கின்றனர்.

இத்தகைய ஒரு நாட்டில் பிறந்து, எழுத்து இல்லாத மொழிகளுக்கு எழுத்துக் கொடுப்பதையே தன் வாழ்வின் பணியாகக் கொண்ட ஒரு மனிதரின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

அரண்மனையிலிருந்து குகைக்கு

மெஸ்ரோப் மாஷ்தொட்ஸ் ஏறத்தாழ கி. பி. 362ஆம் ஆண்டில், ஆர்மீனியாவின் தாரோன் மாநிலத்தில் ஹட்செக் என்னும் கிராமத்தில் பிறந்தார். அந்த இடம் இன்று துருக்கி நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. தந்தையின் பெயர் வர்தான். இளமையிலேயே கிரேக்கக் கல்வி பெற்றார். பின்னர் தலைநகராகிய வகர்ஷபாத்துக்குச் சென்று, அரச எழுத்தகத்தில் பணியில் அமர்ந்தார். படைத்தொழிலிலும் தேர்ந்திருந்தார் என்று அவருடைய மாணவர் கொரியுன் தெரிவிக்கிறார். மெஸ்ரோபின் வரலாற்றை முதலில் எழுதியவர் இந்தக் கொரியுன்தான். ஆசிரியர் இறந்த சில ஆண்டுகளுக்குள் அந்நூலை எழுதினார்.

அரச எழுத்தகத்தில் ஒரு விந்தை நாள்தோறும் நடந்தது. அரசரும் ஆர்மீனியர், எழுதுபவரும் ஆர்மீனியர், ஆணையைக் கேட்டு நடக்க வேண்டிய குடிகளும் ஆர்மீனியர். ஆனால் ஓலையோ கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் சிரிய மொழியிலும் எழுதப்பட்டது. ஆர்மீனிய மொழிக்கென்று வழங்கிவந்த எழுத்து எதுவும் இல்லை. வாயில் வாழ்ந்த மொழி தோலில் ஏறவில்லை.

சில ஆண்டுகளின் பின் மெஸ்ரோப் அரண்மனையை விட்டு நீங்கினார். முப்பது வயதைக் கடந்திருந்த அவர் துறவு பூண்டு, தனிமையான இடங்களில் பசியையும் குளிரையும் பொறுத்து, செபத்திலும் தவத்திலும் நாட்களைக் கழித்தார். சீடர் சிலர் அவரைச் சூழ்ந்தனர். அவர்களுடன் மறை பரப்பும் நோக்கத்துடன் கொக்தன் என்னும் மாவட்டத்துக்குச் சென்றார். அவ்விடத்துத் தலைவர் ஷபித் அவரை அன்புடன் வரவேற்றார்.

ஆலயத்தில் விளங்காத வாசகம்

வாசகரே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். ஆர்மீனியா கிறிஸ்தவ நாடாகி அப்பொழுது ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றுவிட்டன. திரிதாத் மன்னன் புனித கிரகோரியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றது கி. பி. 301இல் என்பது மரபு. ஆலயங்கள் இருந்தன, குருக்கள் இருந்தனர். ஆனால் ஆலயத்தில் வாசிக்கப்பட்டது கிரேக்கம் அல்லது சிரியம். வயலில் இருந்து வந்த உழவன் கைகூப்பி நின்று கேட்பான். எழுந்து வீட்டுக்குப் போகும்போது ஒரு சொல்லும் அவனோடு போகாது. யாராவது எடுத்துச் சொன்னாலன்றி அவனுக்கு விளங்காது.

கொக்தன் மாவட்டமோ பாணர்களுக்குப் பேர் போன இடம். பழைய வீரர்களையும் தேவர்களையும் பற்றிய பாடல்களை அவர்கள் தாய்மொழியில் பாடினர். அந்தப் பாடல்கள் மக்களின் நெஞ்சில் இருந்தன. மறைநூலோ அவர்கள் காதோடு நின்றது. மெஸ்ரோப் இந்த வேறுபாட்டைக் கண்டார். பழைய வழக்கங்கள் ஏன் ஒழியவில்லை என்பதற்கு மக்களின் பிடிவாதத்தை அவர் காரணம் காட்டவில்லை. அவர்களுக்கு விளங்கும் மொழியில் எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதையே குறையாக உணர்ந்தார்.

வேறொரு கவலையும் இருந்தது. கி. பி. 387இல் உரோமப் பேரரசும் பாரசீகப் பேரரசும் ஆர்மீனியாவை இரு கூறாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரு பக்கம் கிரேக்கம் அழுத்தியது. மறுபக்கம் பாரசீகரின் செல்வாக்கும், அவர்கள் விரும்பிய சிரிய மொழியும் அழுத்தின. ஒரே இனம் இரண்டு ஆட்சியின் கீழ், இரண்டு அந்நிய மொழிகளில் செபித்துக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு தலைமுறையில் என்ன ஆகும்? எழுத்து இல்லாத மொழி அடுப்படிக்குள் ஒதுங்கும். பின்னர் அங்கிருந்தும் போய்விடும்.

தவறிய முதல் முயற்சி

மெஸ்ரோப் தம் கவலையைத் திருச்சபையின் தலைவராகிய சஹாக் ஆயரிடம் எடுத்துரைத்தார். சஹாக் கற்றவர், அவரும் இதே கவலையால் வாடிக்கொண்டிருந்தார். இருவரும் மன்னர் விராம்ஷபூவை அணுகினர். மெசொப்பொத்தேமியாவில் தானியேல் என்னும் சிரிய ஆயரிடம் ஆர்மீனிய மொழிக்கு உரிய எழுத்துகள் சில இருப்பதாகத் தாம் கேள்விப்பட்டதை மன்னர் தெரிவித்தார். ஆள் அனுப்பி அவற்றை வருவித்தார். சிறுவர்களைக் கூட்டி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவற்றைக் கற்பித்தனர்.

பயன் இல்லை. அந்த எழுத்துகள் ஆர்மீனிய ஒலிகளைத் தாங்கவில்லை.

இது எத்தகைய இடர் என்பதை நம் மொழியைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வாழை, வாளை, வாலை என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். லகரம் ஒன்றே உள்ள ஓர் அந்நிய எழுத்தில் இவற்றை எழுதினால் மரம் எது, மீன் எது என்று யார் அறிவார்? ஆர்மீனியருக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. சிரிய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். உயிர் ஒலிகளுக்குத் தனி எழுத்து இல்லை. கிரேக்கத்தில் 24. ஆர்மீனியமோ பகர இனத்தில் மட்டும் மூன்று ஒலிகளைப் பிரித்துப் பேசுகிறது. தகரத்திலும் ககரத்திலும் அவ்வாறே. இரவல் சட்டை உடலுக்குப் பொருந்தவில்லை.

இரண்டு ஆண்டு உழைப்பு வீணானபோது வேறொருவர் மனம் தளர்ந்திருப்பார். இருக்கும் எழுத்துக்கு ஏற்றபடி பேச்சைத் திருத்திக்கொள்ளச் சொல்லியிருப்பார். மெஸ்ரோப் அப்படிச் செய்யவில்லை. மொழிக்காக எழுத்தே தவிர, எழுத்துக்காக மொழி அல்ல என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

36 எழுத்துகள்

சீடர் குழு ஒன்றை அழைத்துக்கொண்டு அவர் எதேசா, அமித், சமோசத்தா ஆகிய நகரங்களுக்குப் பயணமானார். கல்வியிற் சிறந்த நகரங்கள் அவை. சீடருள் சிலரைச் சிரியம் கற்கவும் சிலரைக் கிரேக்கம் கற்கவும் விட்டார். தாமோ செபத்திலும் ஆராய்ச்சியிலும் ஆழ்ந்தார். ஒவ்வோர் ஒலியையும் தனியே பிரித்து, அதற்கு ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்ற முறையில் 36 எழுத்துகளை வகுத்தார். சமோசத்தாவில் வாழ்ந்த உருபீனுஸ் என்ற கிரேக்க எழுத்துக் கலைஞரின் உதவியால் எழுத்துகளுக்கு அழகான வடிவம் அமைந்தது. இது நடந்தது கி. பி. 405 என்பது வழக்கு.

நெடுங்கணக்கின் முதல் எழுத்து ஆர்மீனிய மொழியில் கடவுளைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. 36ஆம் எழுத்து கிறிஸ்து என்னும் பெயரின் முதல் எழுத்து. முதலும் முடிவும் இவ்வாறு அமைந்ததை ஆர்மீனியர் இன்றும் தம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கின்றனர். பல நூற்றாண்டுகளின் பின் மேலும் இரண்டு எழுத்துகள் சேர்க்கப்பட்டன. மற்றவை மெஸ்ரோப் வகுத்தவையே.

எழுத்து பிறந்த உடனே மொழிபெயர்ப்பும் பிறந்தது. சீடர் இருவரின் துணையுடன் நீதிமொழிகள் நூலை அவர் முதலில் எடுத்துக்கொண்டார். அறிவையும் நல்லொழுக்கத்தையும் கற்பிப்பதே அந்நூலின் நோக்கம். கற்கத் தொடங்கும் ஓர் இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதற் பாடம் வேறு உண்டோ?

அவர் திரும்பி வருகிறார் என்ற செய்தி தலைநகரை எட்டியது. மன்னரும் சஹாக் ஆயரும் பிரபுக்களும் மக்களும் ஆற்றங்கரை வரை சென்று அவரை எதிர்கொண்டனர். போரில் வென்று வரும் தளபதிக்குச் செய்யும் மரியாதையை, எழுத்துச் சுவடி ஒன்றைக் கையில் ஏந்தி வந்த துறவிக்குச் செய்தனர்.

அதன்பின் ஓய்வு இல்லை. பள்ளிகள் திறக்கப்பட்டன. மாணவர்கள் எதேசாவுக்கும் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் அனுப்பப்பட்டனர். உரோமர் ஆண்ட மேற்குப் பகுதியில் கற்பிக்க அனுமதி கிடைக்கவில்லை. மெஸ்ரோப் தாமே கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குச் சென்று, இரண்டாம் தெயதோசியுஸ் பேரரசரிடம் அனுமதி பெற்று வந்தார். கி. பி. 431இல் நடந்த எபேசுப் பொதுச்சங்கத்தின் பின், திருந்திய கிரேக்க விவிலியப் பிரதிகளை மாணவர்கள் கொண்டுவந்தனர். சஹாக் ஆயர் எஸ்நிக் என்ற மாணவரைத் துணைக்கொண்டு, முன்பு அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பை அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தினார். ஒருமுறை முடித்ததோடு திருப்தி கொள்ளவில்லை. பிழை இருந்தால் மீண்டும் செய்தனர்.

அயலாருக்கும் எழுத்து

மெஸ்ரோபின் வரலாறு இத்துடன் நின்றிருந்தால், தம் இனத்துக்கு உழைத்த ஒரு பெரியார் என்ற அளவில் அவரைப் போற்றுவோம். அவர் அதற்கு அப்பாலும் சென்றார்.

ஆர்மீனியாவின் வடக்கே ஜோர்ஜியரின் நாடு இருந்தது. பக்கூர் மன்னனின் காலத்தில் மெஸ்ரோப் அங்கே சென்று, ஜகாய் என்ற மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் அம்மொழிக்கும் எழுத்து அமைத்தார் என்று கொரியுன் எழுதியிருக்கிறார். ஜோர்ஜிய அறிஞர் பலர் இதை ஏற்பதில்லை. தம் எழுத்து வேறு வழியில் தோன்றியது என்பர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நாம் அதில் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை.

கிழக்கே, இன்றைய அசர்பைஜான் நாடு இருக்கும் பகுதியில், அல்பானியர் என்றோர் இனத்தவர் வாழ்ந்தனர். ஐரோப்பாவில் உள்ள அல்பானியாவுக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. இவர்களுடைய மொழி தொண்டையிலிருந்து எழும் கடின ஒலிகள் நிறைந்தது. அயலார் நாவுக்கு எளிதில் வராது. இந்நாட்டைச் சேர்ந்த பெஞ்சமின் என்னும் குருவை மெஸ்ரோப் சந்தித்தார். அவரிடம் அமர்ந்து, அம்மொழியின் ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, அதற்கும் எழுத்து வகுத்தார். பின்னர் அந்த நாட்டுக்கே சென்றார். அர்ஸ்வாகென் மன்னரும் எரேமியா ஆயரும் அவரை வரவேற்றனர். பள்ளிகள் தோன்றின, மறைநூல் அம்மொழியில் பெயர்க்கப்பட்டது.

தாம் வகுத்த ஆர்மீனிய எழுத்தையே அவர்களிடம் கொடுத்து, இதையே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம், அது எளிது. அவ்வாறு செய்யாமல், அல்பானிய மொழிக்குத் தேவையான ஒலிகள் எத்தனையோ அத்தனைக்கும் எழுத்து அமைத்தார். அதனால் அந்த நெடுங்கணக்கில் 52 எழுத்துகள் உள்ளன. தானியேலின் எழுத்தால் தாம் பட்ட இடரை அயலார் படக்கூடாது என்று அவர் கருதினார் போலும். சிறிய மொழியைப் பேசும் ஒருவன் தன்னிலும் சிறிய மொழியைப் பேசுபவனிடம் காட்டும் மரியாதை இது.

இறுதி நாட்கள்

கி. பி. 428இல் ஆர்மீனிய முடியாட்சி ஒழிந்தது. பாரசீகர் தம் ஆளுநரை அமர்த்தினர். சஹாக் ஆயர் காலமானார். அதன்பின் சில மாதங்களில், கி. பி. 440 பெப்ரவரி 17ஆம் நாள், மெஸ்ரோபும் வகர்ஷபாத்தில் கண்ணை மூடினார். ஓஷகான் என்னும் கிராமத்தில் அவரை அடக்கம் செய்தனர். கல்லறை மேல் எழுந்த ஆலயம் இன்றும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கத் தொடங்கும் காலத்தில் அங்கே அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஆர்மீனிய அப்போஸ்தலிக்கத் திருச்சபையும் ஆர்மீனியக் கத்தோலிக்கரும் அவரைப் புனிதராகப் போற்றுகின்றனர். ஆர்மீனியர் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் புனித மொழிபெயர்ப்பாளர் திருநாள் கொண்டாடுகின்றனர். மொழிபெயர்ப்பாளருக்கென்று திருநாள் எடுக்கும் இனம் வேறெங்கும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு மொழிகளின் கதை

மெஸ்ரோப் விதைத்தவை என்ன ஆயின?

அவர் இறந்து பதினொரு ஆண்டுகளில், 451இல், பாரசீக மன்னன் தன் சமயத்தை ஆர்மீனியர் மேல் திணிக்கப் படை அனுப்பினான். அவரைர் களத்தில் சஹாக்கின் பேரன் வர்தான் மாமிகோனியன் போரிட்டு இறந்தார். போர் தோற்றது; ஆனால் இனம் அழியவில்லை. 484இல் சமய உரிமையைப் பெற்றது. அதன்பின் எத்தனையோ அரசுகள் அந்நாட்டை ஆண்டன. மக்கள் ஊர் ஊராகச் சிதறினர். போன இடமெல்லாம் 36 எழுத்துகளையும் கொண்டு போயினர். உலகின் முதலாவது ஆர்மீனியச் செய்தித்தாள் எங்கே அச்சாயிற்று தெரியுமா? தமிழ் வழங்கும் சென்னை மாநகரில்! 1794ஆம் ஆண்டு ஹருத்யுன் ஷ்மவோனியன் என்னும் ஆர்மீனியக் குரு அங்கே அஸ்தரார் என்ற இதழை வெளியிட்டார். சென்னை ஆர்மீனியன் தெருவிலுள்ள மரியன்னை ஆலய வளவில் அவரது கல்லறை இருக்கிறது.

அல்பானியரின் கதை வேறு. அவர்களுடைய நாடு படையெடுப்புகளால் சிதறியது. மக்களிற் பலர் அயல் இனங்களோடும் மதங்களோடும் கலந்தனர். எழுத்தைப் படிப்பவர் குறைந்தனர். பின்னர் எவரும் இல்லை. அப்படி ஓர் எழுத்து இருந்ததா என்றே உலகம் ஐயுற்றது. 1937இல் இலியா அபுலாட்சே என்ற ஜோர்ஜிய அறிஞர், 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்றில் அந்த 52 எழுத்துகளின் பட்டியலைக் கண்டுபிடித்தார். எழுத்து கிடைத்தது, நூல் கிடைக்கவில்லை.

1975இல் எகிப்தின் சீனாய் மலையிலுள்ள புனித கத்தரீனம்மாள் மடத்தில் தீ விபத்து ஒன்று நேர்ந்தது. அதைத் தொடர்ந்து, நெடுங்காலம் மறைந்து கிடந்த ஓர் அறையிலிருந்து ஏராளமான பழஞ்சுவடிகள் வெளிவந்தன. அவற்றுள் ஜோர்ஜிய மொழியில் எழுதிய தோல் ஏடுகள் சில இருந்தன. முன்னர் எழுதியதைச் சுரண்டிவிட்டு, அதே தோலில் புதிதாக எழுதியவை அவை. 1996இல் சாசா அலெக்சிட்சே என்ற ஜோர்ஜிய அறிஞர், சுரண்டப்பட்ட அடியெழுத்து அல்பானிய எழுத்தே என்று கண்டறிந்தார். ஆண்டுக்கணக்கான உழைப்பின் பின் அறிஞர் அதை வாசித்து வெளியிட்டனர். ஆலயத்தில் வாசிக்கும் மறைநூற் பகுதிகளும், அருளப்பர் எழுதிய நற்செய்தியின் ஏடுகளும் அங்கே இருந்தன. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் மௌனமாய் இருந்த மொழி மீண்டும் பேசிற்று.

அதை வாசிக்க உதவியது எது என்பதையும் கேளுங்கள். அசர்பைஜானில் நிஜ் என்றொரு கிராமம் உண்டு. அங்கே வாழும் உதி என்னும் சிறு இனத்தவர், சில ஆயிரம் பேர், வீட்டில் பேசும் மொழி அந்தப் பழைய அல்பானியத்தின் வழி வந்தது. அரசும் எழுத்தும் நூலும் போனபின்னும் தாய்மார் அம்மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தனர். அந்த வீட்டுப் பேச்சுத்தான் அறிஞருக்குத் திறவுகோலாயிற்று.

எல்லா மொழிக்கும் இந்தப் பேறு கிட்டவில்லை. அதே கோக்கேசஸ் மலையில் உபிக் என்றொரு மொழி இருந்தது. எண்பதுக்கு மேற்பட்ட மெய்யொலிகள் கொண்ட அதிசய மொழி அது. 1864இல் ருஷ்யர் மலையை வென்றபோது, அதைப் பேசியோர் துருக்கிக்குப் பெயர்ந்தனர். அங்கே பிள்ளைகளுக்கு வேறு மொழி பயன்பட்டது. தெவ்பிக் எசென்ச் என்னும் முதியவர் அறிஞருடன் அமர்ந்து தம் மொழியைப் பதிவு செய்ய உதவினார். 1992 ஒக்டோபர் 7ஆம் நாள் அவர் இறந்தார். அவரோடு அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசிக் குரலும் ஓய்ந்தது.

வாசகரே, மெஸ்ரோபின் வாழ்வு நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். எழுத்து ஒரு மொழிக்குக் கோட்டை போன்றது. ஆனால் உள்ளே குடியிருப்போர் இல்லாவிட்டால் கோட்டையும் மண்மேடாகும். ஆர்மீனியர் அந்த எழுத்தை நாள்தோறும் வாசித்தனர், மொழி நின்றது. அல்பானியரின் எழுத்தை வாசிப்பார் இல்லை. மொழி ஒரு கிராமத்து வீடுகளில் ஒதுங்கி உயிர் தப்பியது. உபிக் மக்களின் வீடுகளிலும் பேச்சு நின்றது; மொழி முடிந்தது.

அரண்மனை வேலையை விட்டு, மக்களுக்கு விளங்காத வாசகத்தைக் கண்டு மனம் நொந்த அந்தத் துறவி, குறையைக் கூறிக்கொண்டு இருந்துவிடவில்லை. காது கொடுத்துக் கேட்டார், கேட்டதை எழுத்தாக்கினார், எழுத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார், தமக்குக் கிடைத்ததை அயலாருக்கும் பகிர்ந்தார். இன்று இரவு உங்கள் வீட்டுப் பிள்ளை புத்தகத்தோடு வந்து உங்கள் அருகில் அமரும்போது, சற்று நேரம் அதனோடு சேர்ந்து வாசியுங்கள். மெஸ்ரோப் தொடங்கிய பணி அவ்வளவு எளியது, அவ்வளவு பெரியது.